தைத்ததைப் பிரித்த அன்று

"லாத்தா, கெடச்சிட்டு! ஒங்க எரிஞ்ச துண்டு கெடச்சிட்டு! வெரசா வாங்க!"

என்னை அக்கா முறையில் 'லாத்தா' என்று கூப்பிடும் அப்துல் ஹாதி போனில் கத்தியபோது மணி பன்னிரண்டரை. மூன்று மணிக்குச் செம்பூரில் எங்கள் மேல்முறையீடு. கத்தரியைப் போட்டுவிட்டு, காலில் எந்தச் செருப்பு இருக்கிறதென்றுகூடப் பார்க்காமல் ஓடினேன்.

நான் ஷரீஃபுன்னிசா. தாராவியில் 'ஷரீஃபா லெதர்' என்று என் பெயரிலேயே தோல் பை செய்கிறோம். என் புருஷன் ரஹ்மத்துல்லா தைப்பார், நான் ஆன்லைனில் விற்பேன். நாலு மாதத்துக்கு முன் நிகில் என்ற போட்டி வியாபாரி எங்கள் பை ஒன்றை வாங்கி, வீடியோவில் அதன் மேல்மூடி விளிம்பில் லைட்டரைக் காட்டினான். கறுப்பாக உருகிச் சொட்டியது. "தேக்கோ! ஷரீஃபா லெதர், லெதரே நஹி! பிளாஸ்டிக்!" என்றான். பாருங்கள், இது தோலே இல்லையாம்!

சொட்டியது விளிம்பில் நாங்கள் பூசுகிற சாயம். தோல் கருகுமே தவிர உருகாது. தாராவியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் வீடியோ பார்த்த ஆறு லட்சம் பேருக்கும் யார் போய்ச் சொல்வது? என் பெயருக்குக் கீழே 'நக்லிவாலி' என்று எழுதினார்கள். போலிக்காரியாம்! எங்க உம்மா ஆசையாக வைத்த பெயர்.

நானும் அவனும் ஒரே ஆன்லைன் வியாபாரிகள் கூட்டமைப்பில் உறுப்பினர்கள். இணையத்தில் ஒருவர் பெயரை ஒருவர் கெடுத்தால் விசாரிக்க அங்கே ஒரு தீர்ப்பாயம் உண்டு. புகார் கொடுத்தேன். எரித்த பையை அவனே எங்களுக்குத் திருப்பி அனுப்பியிருந்ததால், ஆதாரம் கையில் இருக்கிற தைரியத்தில் போனேன். எல்லார் முன்னாலும் உறையைத் திறந்தால், பை புத்தம்புதிதாக மின்னுகிறது!

குறையோடு திரும்பி வந்த பை பட்டறையில் குறையோடு இருக்கக் கூடாது என்பது என் புருஷனின் சட்டம். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த அன்றே எரிந்த மூடியைக் கழற்றிப் போட்டு, புதுசு தைத்து, பாலிஷும் அடித்து வைத்துவிட்டார். அந்த மினுமினுப்பைப் பார்த்து அங்கே பெருமையாகச் சிரிக்க வேறு செய்தார். தீர்ப்பாயம் புகாரைத் தள்ளியது. ஆதாரத்தை நாங்களே மாற்றிவிட்டோம் என்று ஒரு வரியும் எழுதியது. ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

"அப்பீல் பண்ணலாம். ஆனா புதுசா ஆதாரம் வேணும்," என்றார் எங்கள் வக்கீல் சாதனா. மாட்டுங்காக்காரர், பேச்சில் கணக்காக இருப்பார்.

தாராவியில் துண்டுத் தோலைக்கூடக் குப்பையில் போட மாட்டோம். எங்கள் பட்டறைத் துண்டுகளை அப்துல் ஹாதி மூட்டை கட்டிப் போய்ச் சாவி வளையம் செய்வார். அவருடைய மூட்டைகளைத்தான் பதினைந்து நாளாகக் கிளறிக்கொண்டிருந்தோம்.

அவர் நீட்டிய துண்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பாதியைக் காணோம்!

"வெட்டுன பெறவுதான் கருகலப் பாத்தேன் லாத்தா," என்று தலையைச் சொறிந்தார்.

உருகிய விளிம்பு இருந்தது. தையல் துளைகள் பதினொன்று இருந்தன. போதும்! துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, புருஷனையும் பையையும் டாக்சியில் ஏற்றினேன். ஒவ்வொரு சிக்னலிலும் எனக்கு உயிர் போய் வந்தது.

மேல்முறையீட்டில் மூன்று பேர் அமர்ந்திருந்தார்கள். நடுவிலிருந்த அம்மாள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிகில் எழுந்து, "இது அதே பையின் துண்டு என்று யார் கண்டது?" என்று இந்தியில் கேட்டான். நியாயமான கேள்விதான்.

என் புருஷன் சாதனாவின் பக்கம் குனிந்தார். "மேடம், புது மூடியையும் பழைய ஓட்டையிலதான் தச்சேன். பையப் பிரிச்சா ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்சிரும்."

"பிரிச்சுடறேளா?"

நல்ல தையலைப் பிரித்தவரில்லை அவர். மேசையிலிருந்த காகிதம் வெட்டும் பிளேடை வாங்கினார். "பிஸ்மில்லா" என்று முனகிவிட்டு, தான் தைத்ததைத் தானே அறுத்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

அந்த அம்மாளே துண்டைப் பைமேல் பொருத்தி, என் புருஷனிடம் ஊசி வாங்கித் துளை துளையாக இறக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்றும் இறங்கின! ஏழாவது துளை இரண்டிலும் ஒரே பக்கம் விலகியிருந்தது. பிறகு உருகிய விளிம்பை நகத்தால் சுரண்டினார். சாயம் ஏடாக உரிந்து வந்தது. அடியில் அசல் தோல்!

பழைய தீர்ப்பு ரத்து. வீடியோவை நீக்க வேண்டும். அதே சேனலில் என் முழுப்பெயரைச் சொல்லி நிகில் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்குக் குதிக்கத் தோன்றியது. குதித்தே விட்டேன். சாதனாவைக் கட்டிக்கொண்டேன்.

திரும்பினால், என் புருஷன் பையை மடியில் வைத்து, சட்டைப் பையில் நூல் தேடுகிறார்!

"ஏங்க, கைய எடுங்க! அவன் இதுக்கு மேல கோர்ட்டுக்குப் போனா என்னத்தக் காட்டுவீங்க?"

"அப்பம் இது இப்படியேவா கெடக்கும்?"

"கெடக்கட்டும்."

பட்டறைக்கு வந்ததும், மூடி பிரிந்து தொங்கும் அந்தப் பையை அவரே வாசல் ஆணியில் மாட்டினார். மறுநாள் வந்த ஒருவர் அதைக் காட்டி, "என்ன பாய், இதத் தைக்கலியா?" என்று கேட்டார்.

"தொடாதீரும்," என்றார் என் புருஷன். "அது எங்க வீட்டுக்காரி பேரு."