கரண்டிவாயன்

பல் டாக்டருக்கு ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கத் தெரியும். சொந்த மனைவியின் வாய் மட்டும், மகன் வேலைக்காகக் கடல் கடந்து போனதிலிருந்து, 'ம்', 'சரி' என்பதோடு மூடிக்கொண்டது. அவள் வாசல் தாண்டுவதும் நின்றுபோனது. கெஞ்சிக் கூத்தாடி இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைச் சதுப்பு நிலச் சரணாலயத்துக்குக் கிளப்பினார். ஒரு மாதமாக அங்கே பார்த்து வைத்திருந்த, கரண்டி போல அலகுள்ள கரண்டிவாயன் பறவையைக் காட்டினால் அவள் முகம் மலரும் என்று நப்பாசை. மலராவிட்டால் வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

காரில், “கரண்டியைத்தான் வீட்டுலயே பாக்குறேனே,” என்றாள். மூன்று சொற்கள்! டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

பறவை பார்ப்பதில் அவர் பாதிக் கிணறு தாண்டியவர். தொப்பி, பச்சைச் சட்டை, விலையுயர்ந்த பைனாகுலர் எல்லாம் உண்டு, பறவைதான் தெரியாது. கொக்கை நாரை என்பார், நாரையைக் கொக்கு என்பார். பல்லே இல்லாத பிராணிகள்மேல் பல் டாக்டருக்கு என்ன மோகம் என்று தன்னையே கேட்டுக்கொண்டதும் உண்டு.

ஏரிக்கரையில், பார்க்க மட்டும் துளை விட்ட பலகைக் குடிசை. அதற்குள் உட்கார்ந்து பைனாகுலரை அவளிடம் கொடுத்தார்.

“அதோ, அந்தத் திட்டு மேல வெள்ளையா நிக்குது பாரு,” என்று கிசுகிசுத்தார். “என்ன பொறுமை தெரியுமா! போன வாரம் கொட்டுற மழையிலகூட அசையல.”

அவள் நெடுநேரம் பார்த்தாள். “மூச்சு விடுதா?”

“தூங்குதும்மா. அபூர்வமான பறவை, அப்படித்தான் இருக்கும்.”

அப்போது சரணாலயக் காவலர் படகில் போய்த் திட்டில் இறங்கினார். அபூர்வமான பறவையைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, ஈரத் துணியால் எச்சத்தைத் துடைத்து, மறுபடி நட்டு வைத்தார். திரும்பும் வழியில் குடிசைப் பக்கம் குரல் கொடுத்தார்: “மரக்கட்டைதான் சார். இதப் பாத்து நெசமான பறவைங்க இறங்கும்னு வெச்சோம். இன்னும் எதுவும் ஏமாறல.”

ஏமாந்த ஒன்று குடிசைக்குள் தொப்பியோடு உட்கார்ந்திருந்தது. கட்டைக்கு மரியாதை கொடுத்து ஒரு மாதம் மூச்சடக்கியிருக்கிறது. கட்டையின் படத்தைப் பெரிதாக்கிக் கிளினிக்கில் வேறு மாட்டியிருக்கிறது. மானம் கப்பலேறியது கூடப் பரவாயில்லை; அவளைத் தெளிய வைக்க இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போனதே.

“வா, போகலாம்,” என்று பைனாகுலரை வாங்கிக்கொண்டார்.

அவள் எழுந்திருக்கவில்லை. படகு மறைந்து கொஞ்ச நேரத்தில் வானிலிருந்து ஒரு வெள்ளைப் பறவை இறங்கிக் கட்டையின் அருகே நின்றது. அவர் கண்ணில் வைப்பதற்குள் பைனாகுலரை அவள் பிடுங்கிக்கொண்டாள். வெறுங்கண்ணுக்கு இரண்டு புள்ளிகள்தான் தெரிந்தன.

“என்ன பண்ணுது?”

“தலையத் தலைய ஆட்டுது. குச்சி பொறுக்கிட்டு வந்து அது காலடியில வெக்குது. பாவங்க, பதில் வராதுன்னு தெரியாம என்னென்னவோ பண்ணிப் பாக்குது.” அவள் குரல் இறங்கியது. “இத்தனை நாளா நானும் அப்படித்தான் இருந்தேனா?”



“கட்டையாவது வெளிய வந்து வெயில்ல நின்னுச்சு,” என்றார்.

அவள் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு சிரித்தாள். சத்தம் கேட்டுப் பறவை பறந்தே போய்விட்டது.