கழுவி வைத்த வீடு

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். மலேசியாவின் தாமான் மெலூர் குடியிருப்பில் அந்த வேலைக்கு ரோஸ்மினாவை விட்டால் ஆள் கிடையாது. பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. எதையும் கோடு போட்டு எழுதிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். வீட்டுக் காப்புறுதி எடுக்க நினைத்தபோது மூன்று கம்பெனிகளை மூன்று வாரம் அலசினாள். கட்டணத்தோடு நிற்கவில்லை. போன வெள்ளத்தில் எந்தக் கம்பெனி எத்தனை நாளில் ஆள் அனுப்பியது, எது போனையே எடுக்கவில்லை என்று நொந்தவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தாள்.

தனக்குச் சீக்கிரம் ஆள் அனுப்பும் முதல் கம்பெனியை எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் கமாரியா அக்காவுக்கு, மலிவானாலும் ஆள் அனுப்பத் தாமதிக்கும் மூன்றாவதை எழுதிக் கொடுத்தாள். அக்கா கணவனை இழந்தவள், வீட்டில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு கட்டி விற்றுப் பிழைப்பவள். அவளுக்குக் கட்டணம் குறைந்தால் போதும் என்று ரோஸ்மினாவே முடிவு செய்தாள். நல்ல எண்ணம்தான். ஆனால் அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிசம்பரில் ஆறு ஊருக்குள் வந்தது. இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீர். அக்காவைப் படகில் ஏற்றி நிவாரண மையத்துக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர் வடிந்த காலையில் ரோஸ்மினா முதல் வேலையாகத் தன் கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னாள்.

"எதையும் கழுவாதீங்க, தூக்கிப் போடாதீங்க. சுவத்துல தண்ணி நின்ன கோடு அப்படியே இருக்கட்டும். எங்க ஆள் வந்து பாக்கணும்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தால், ஊர்த் தொழுகைக்கூடமான சூராவில் தொழுதுவிட்டு வந்த நாற்பது பேர் துடைப்பமும் வாளியுமாக அக்கா வீட்டு வாசலில் நிற்கிறார்கள். கோத்தோங் ரோயோங், ஊர் கூடிக் கைகொடுக்கும் வழக்கம். யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டியதும் இல்லை. துணையில்லாதவள் வீடு முதலில், நம் வீடெல்லாம் பிறகு என்று இமாம் சொல்லிவிட்டாராம்.

"என்ன ரோஸ், மரம் மாதிரி நிக்கிற? வாளியப் புடி லா!" என்றார் கூட்டத்தில் இருந்த பெரியவர் பாக் சமாட். "அக்கா வர்றதுக்குள்ள வீடு கண்ணாடி ஆயிடணும்."

ரோஸ்மினா வாயைத் திறந்தாள். எதிரே முழங்கால் வரை சேறு. தங்கள் வீட்டுச் சேற்றை விட்டுவிட்டு வந்த மனிதர்கள். இவர்களிடம் போய், நிறுத்துங்கள், காப்புறுதி ஆள் வரட்டும் என்று எப்படிச் சொல்வது? பணப்பேய் என்று நினைக்க மாட்டார்களா? வெட்கம் பிடுங்கித் தின்றது. வாளியை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் குளிர்ப்பெட்டி, அடுப்பு, மெத்தை எல்லாம் குப்பை லாரியில் ஏறிப் போய்விட்டன. சுவரில் கோடு இருந்த இடமே தெரியாமல் தேய்த்துவிட்டார்கள். அக்கா திரும்பி வந்து பார்த்து, சந்தோஷத்தில் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து அழுதாள். ரோஸ்மினா கையையும் பிடித்தாள்.

ரோஸ்மினாவின் கம்பெனி ஆள் நாலாம் நாளே வந்து, அவள் கழுவாமல் விட்டிருந்த சுவரில் கோட்டை அளந்தார். மூன்று வாரத்தில் காசோலை வந்தது. அக்கா போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்த பிறகு, ஆறாம் வாரம் அவள் கம்பெனி தியோ என்ற இளைஞனை அனுப்பியது. துணைக்கு ரோஸ்மினாவும் போனாள். தியோ வீட்டைச் சுற்றிவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ஆன்ட்டி, வீடு புதுசு மாதிரி இருக்கே. சேதமான சாமானெல்லாம் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டாங்க தம்பி."

"பாக்காம நான் என்னத்த எழுதுறது? ஆள் வர்றதுக்கு முன்னாடி நீங்களே அழிச்சிட்டீங்கன்னு கம்பெனி கைய விரிச்சிடும். ஒண்ணும் தேறாது."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அடுப்பில்லாமல் ஆறு வாரம் ஓட்டியவள் இந்த ஒன்றைத்தான் நம்பியிருந்தாள்.

"அவங்க அழிக்கல" என்றாள் ரோஸ்மினா. "அவங்க அன்னிக்கி இங்கயே இல்ல. நாங்கதான் செஞ்சோம். கழுவக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். என் கம்பெனி காலையிலயே சொல்லிட்டாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

தியோ பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "இத எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா? அவங்களுக்குத் தெரியாம நடந்ததுன்னு சாட்சி இருந்தா, மறுபடி கேட்டுப் பாக்கலாம். பக்கத்து வீடுங்கறதால உங்க சுவத்துல அளந்த கோட்டையும் சேத்துக்கறேன். ஆனா தூக்கிப் போட்டவங்களையும் விசாரிப்பேன். விஷயம் ஊருக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்" என்று பேனாவை வாங்கினாள்.

அவன் போனதும் அக்கா எழுந்தாள்.

"கழுவினவங்க மேல எனக்குக் கோவமில்ல. அவங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"வெக்கமா இருந்துச்சுக்கா."

"உனக்கு வெக்கம். எனக்கு அடுப்பு போச்சு."

கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. சூராவிலும் சிலர் ரோஸ்மினாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பட வேண்டியதுதான் என்று பட்டுக்கொண்டாள்.

கடைசியில் அக்காவுக்குப் பணம் வந்தது. முழுதாக இல்லை, அடுப்பும் குளிர்ப்பெட்டியும் வாங்கும் அளவுக்கு. புது அடுப்பில் முதன்முதலாகச் சமைத்த நாசி லெமாக் பொட்டலத்தோடு அக்கா அதிகாலையில் ரோஸ்மினாவின் வாசலுக்கு வந்து நின்றாள்.

"நான் ஒண்ணும் மறக்கல" என்றாள்.

"தெரியும்கா."

அக்கா பொட்டலத்தை அவள் கையில் வைத்து அழுத்தினாள். "அடுத்த வெள்ளத்துலயாவது வாயத் தொற. நாப்பது பேரும் திட்டட்டும். நான் உன் பக்கம் நிப்பேன்."