கடித்த எலியின் சிறுநீரகம்

ஓய்வு பெற்று வீட்டில் கிடந்த என்னை ஆராய்ச்சிக்கூடம் மறுபடி கூப்பிட்டதற்கு ஒரே காரணம்தான். எலியின் சிறுநீரகத்தை என்னளவுக்கு மெல்லிசாகச் சீவ இன்னொருவன் பிறக்கவில்லை. என் சீவல் பக்கத்தில் யாராவது தும்மினால் அது அடுத்த கட்டடத்தில் போய் விழும். நேரில் பார்த்த சாட்சி என் மச்சினன். அவன் பொய்யும் சொல்வான், அது வேறு விஷயம்.

அங்கே எலிகளுக்குத் தீனி போடுகிறவனே அவன்தான். ஆராய்ச்சி, அங்கே விஞ்ஞானியாக இருக்கும் மேடத்துடையது. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் முடிச்சு ஒவ்வொன்றுக்கும் ஒரு பொடி இரத்தக்குழாய் போகிறது. அந்த முடிச்சின் வாசலில் மட்டும் நாலைந்து செல்கள் உட்கார்ந்து ரெனின் என்ற ஹார்மோனை விட்டுக்கொண்டிருக்கும். உடம்பில் உப்பு குறைந்தால், குழாய்ச் சுவரில் இருக்கும் தசைச் செல்களும் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு ரெனின் விடக் கிளம்பிவிடும். ரெனின் இருக்கும் இடத்தைப் பச்சையாகக் காட்டும் சாயம் மேடத்திடம் இருந்தது. ஆறு எலிகளுக்கு மூன்று வாரம் உப்பில்லாத் தீனி. இன்று மூன்று மணிக்கு ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் பெரியவர்கள் வந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைப்பார்கள். குழாய் நெடுகப் பச்சை தெரியாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

மணி இரண்டேகால். ஐந்து எலிகளைப் பார்த்தாயிற்று. வாசலில் ஒரு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக வைத்திருந்த, உப்பு தின்ற எலிக்கும் அதே புள்ளிதான்.

"ஆறாவதைப் பார்க்கவே தெம்பில்ல சார்," என்று மேடம் நாற்காலியில் சாய்ந்தார்.

மச்சினன் ஆறுதல் சொல்ல வந்தான். "எலிங்க எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு மேடம்? தினம் ரெண்டு தடவை தண்ணி பாட்டில் நிரப்பினேனே!"

மேடம் மெல்லத் திரும்பினார். "உப்பே திங்காத எலிக்கு எதுக்கு அவ்வளவு தாகம்?"

அவன் கை சட்டைப்பையைப் பொத்தியது. நான் விடுவேனா? கையை உள்ளே விட்டு எடுத்தேன். உப்பு பிஸ்கட், அரைப் பாக்கெட்.

"அடப்பாவி! என்னடா இது?"

"எல்லாம் உங்களாலதான் அத்தான்! தினம் மத்தியானம் கூண்டுக்கு முன்னாடி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு, 'உங்கக்கா என்னை உப்பு போடாமயே கொல்றா'ன்னு அழுதது யாரு? பிரஷர் உங்களுக்கு. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு? ஆளுக்குக் கால் பிஸ்கட்தான் குடுத்தேன்."

அழுதது உண்மைதான். கூண்டுகள் மிதக்கும் அளவுக்கு அழுதிருப்பேன்.

மேடம் திட்டவில்லை. "ஆறு எலிக்கும் குடுத்தீங்களா?"

"ஆறாவதுக்கு இல்ல மேடம். அந்தக் கழுதை முதல் நாளே விரலைக் கடிச்சிருச்சு. அப்புறம் மூணு வாரமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்ல."

நாற்காலி கவிழ்ந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது. மேடம் அதற்குள் ஆறாவது ஸ்லைடை மாட்டிக் கண்ணை வைத்துவிட்டார். பிறகு, "சார்! சார், பாருங்களேன்!"

பார்த்தேன். வாசலில் தொடங்கி, பின்னால் வளைந்து போகும் குழாய் நெடுகப் பச்சைமணி கோத்தது போல ரெனின்! மச்சினன் என் தோளைப் பிடித்துக் குதித்தான். அந்த அதிர்வில் மாடியிலிருந்தவர்கள் நிலநடுக்கம் என்று இறங்கி ஓடியிருக்க வேண்டும்.

மூன்று மணிக்கு வந்தவர்களில் தலைமைப் பெரியவர் பார்த்த கண்ணை எடுக்கவில்லை. எடுத்ததும் கேட்டார்: "ஒரு எலியை வச்சு என்னம்மா சொல்ல முடியும்? மத்த அஞ்சு?"

மேடம் ஒளிக்கவில்லை. பிஸ்கட் பாக்கெட்டை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். பெரியவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

"ஒரு எலி முடிவு சொல்லப் பத்தாது. ஆனா மறுபடி செய்யப் பத்தும். புதுசா ஆரம்பிங்க."

எலி அறைக் கதவில் இப்போது மேடம் கைப்பட எழுதிய தாள் தொங்குகிறது: 'எலிகள் எதிரில் சாப்பாட்டைப் பற்றி யாரும் புலம்பக் கூடாது.' யாரும் என்றால் நான்தான். மச்சினனுக்குப் பையில்லாத சட்டை. ஆனால் அவனுக்கு வருத்தமே இல்லை, எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் விரல் தழும்பைக் காட்டுகிறான். தழும்பு கடுகளவு. நான் சொல்லும்போது மட்டும் அது ஒரு சாண்.