கனடாவில் நான்காம் இடம்

சபரிநாதன், ஜெயபிரகாஷ், வேலுமணி மூவரும் டெக்சஸ் ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் ஆரம்பித்த ராக் பேண்டுக்கு ‘ஓவர்டைம்’ என்று பெயர். வேலுமணி வீட்டு கராஜிலிருந்து காரை வெளியே தள்ளிவிட்டு ஆறு வருஷம் வாசித்தார்கள். பாட்டு எழுதுவதும் பாடுவதும் சபரி.

முதல் பாட்டு ‘வாடகை வீடு’ வெளியாகி மூன்று மாதம் அதை யாரும் சீண்டவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கனடாவின் வாராந்தர ஹிட் பாட்டுப் பட்டியலில் முப்பத்தொன்றாம் இடத்தில் இருந்தது. அடுத்த வாரம் பன்னிரண்டு. அதற்கடுத்த வாரம் நான்கு. மெக்ஸிகோவில் அந்தப் பாட்டை ஒருவரும் கேட்கவில்லை. அங்கே இரண்டாவது பாட்டு, வேலுமணியின் டிரம்ஸ் இடிக்கிற ‘பிரேக்’, ஒரு வார்த்தை புரியாமலே பதினேழாம் இடத்துக்கு ஏறியது. நடுவில் இருந்த அமெரிக்காவில் முதல் நூறில் இரண்டுமே இல்லை.

“நம்ம தெருவத் தவிர எல்லாப் பக்கமும் ஹிட்டுடா” என்று ஜெயபிரகாஷ் விழுந்து விழுந்து சிரித்தான்.

டொராண்டோவில் ஒரு தெருவிழாவில் பாட அழைப்பு வந்தது. சபரி கனடா விசாவும் வாங்கிவிட்டான். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவனுடைய ஆபீஸ் லேப்டாப் திறக்கவில்லை. அவனோடு சேர்த்து நாற்பது பேரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

விசா வக்கீல் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். “சிக்ஸ்டி டேஸ்க்குள்ள வேற கம்பெனி உங்களுக்கு விசா ஃபைல் பண்ணணும். அதுவரைக்கும் நாட்ட விட்டு வெளிய போகாதீங்க. போனா திரும்பி வர்றது நிச்சயமில்ல.”

விழா, வேலை போன நாற்பத்தொன்றாம் நாளில் வந்தது. ஜெயபிரகாஷ் சிட்டிசன், வேலுமணியிடம் கிரீன் கார்டு. அவர்களுக்குத் தடையில்லை.

“போயிட்டு வாங்கன்னு சொல்லத்தான் ஆசையா இருக்குது” என்றாள் சபரியின் மனைவி வான்மதி. “ஆனா உங்க விசாவுலதானுங்க நானும் இருக்கறேன்.”

“நான் போறேன்னு சொன்னனா?” என்றான் சபரி. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வான்மதி துணி மடிக்க ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் கழித்து டொராண்டோவிலிருந்து நிரோஷன் என்ற பையன் கூப்பிட்டான். சபரிக்குப் பதில் பாட ஜெயபிரகாஷ் பிடித்த ஆள்.

“அண்ணா, உங்கட பாட்டை நான் பாடுறதில உங்களுக்குச் சம்மதமோ? இல்லையெண்டால் நான் பாடமாட்டன்.”

அவன் கொஞ்சம் திமிராகப் பேசியிருந்தால் சபரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பாடுங்க தம்பி. ரெண்டாவது சரணத்துல மட்டும் அவசரப்படாதீங்க” என்றான்.

சனிக்கிழமை மதியம், அபார்ட்மெண்ட் நீச்சல்குளத்தின் பெஞ்சில் உட்கார்ந்து சபரி விழாவை நேரலையில் பார்த்தான். அவன் கராஜில் எழுதிய வரிகளைக் கூட்டம் மொத்தமும் பாடியது. இரண்டாவது சரணத்தில் நிரோஷன் அவசரப்படவில்லை. சபரி ஒருபோதும் தொடாத ஒரு இடத்துக்குக் குரலைக் கொண்டுபோய் நிறுத்தினான். தன்னைவிட நன்றாகப் பாடுகிறான் என்று சபரிக்குத் தெரிந்தது. ஜெயபிரகாஷ் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்னான். விழாக் குழு, ஸ்பான்சர், சவுண்ட் ஆட்கள் என்று எல்லோரையும் சொன்னான். சபரி பெயரைச் சொல்லவில்லை.

“அப்பா, வாட்ச் மீ!” என்று தண்ணீரிலிருந்து மகள் வெண்பா கத்தினாள். அவன் பார்த்தான். கை தட்டினான்.

சாயங்காலம் ஜெயபிரகாஷ் அழைத்தான். “பதட்டத்துல உன் பேர விட்டுட்டேன்டா. சத்தியமா மறந்துட்டேன். சாரிடா.”

“பரவால்லடா, விடு.”

பொய்யில்லை, மறந்துதான் போயிருப்பான். அதுதான் சபரிக்கு ஆறவில்லை.

ஐம்பத்து மூன்றாம் நாள் கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்த அன்று வேலுமணி வந்து சோபாவை ஒரு பக்கம் தூக்கினான். பேண்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. அந்தக் குளிர்காலத்தில் நிரோஷன் எழுதிப் பாடிய, ‘ஓவர்டைம்’ பேண்டின் மூன்றாவது பாட்டு வந்தது. அமெரிக்கப் பட்டியலில் அறுபத்திரண்டாம் இடம்.

சபரி அதை ஆபீஸ் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து கேட்டான். குறை கண்டுபிடிக்க இரண்டாவது முறையும் கேட்டான். அகப்படவில்லை. “நல்லா வந்திருக்குடா” என்று ஜெயபிரகாஷுக்கு அனுப்பினான். பதிலுக்கு ஒரு இதயப் படம் வந்தது. மீட்டிங் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியும் அவன் காரை விட்டு இறங்கவில்லை.