கூடவே வந்த திருத்தம்

அச்சகத்தில் பிழை திருத்துவது அவருடைய தொழில். வெளியே அது தீராத வியாதி. மின்கட்டண ரசீதில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் வட்டம் போட்டு வைப்பார். போக்கர் சீட்டாட்டத் தகுதிப் போட்டிக்குக் கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்து சொன்னாள்: "திருத்துற வேலையெல்லாம் அச்சகத்தோட நிக்கட்டும். நாலு வருஷமா ஞாயித்துக்கிழமையே இல்லாமப் போச்சு. இந்தத் தடவையும் பெரிய போட்டிக்குப் போகலேன்னா சீட்டுக்கட்டு பரணுக்குப் போயிடும், ஆமா."

ஒப்புக்கொண்டுதான் வந்திருந்தார்.

மதியம் மூன்று மணிக்கு மேஜையில் மூன்று பேர் மிச்சம். இரண்டு பேருக்குத்தான் பெரிய போட்டியில் இடம். பணத்துக்குப் பதிலாகக் கட்டும் வில்லைகளை மலையாகக் குவித்து வைத்திருந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. வாயே திறக்காமல் மற்றவர் பையைக் காலி செய்கிற ரகம். மூன்றாவது ஆள் டயர் கடைக்காரர். அவருக்குச் சீட்டைக் கீழே வைத்து ஒதுங்கவே தெரியாது. யார் எவ்வளவு கட்டினாலும், "பார்த்துடுவோமே" என்று கூடவே கட்டுவார்.

கணக்கு சுலபம். நல்ல சீட்டு வரும்வரை பிழைதிருத்துநர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். டயர் கடைக்காரர் டாக்டரம்மாவிடம் தானாகவே போய் விழுவார். பத்துக்கு எட்டுத் தடவை அப்படித்தான் நடக்கும்.

ஆனால் இடைவேளைக்கு முந்தைய ஆட்டத்தில் பிழைதிருத்துநர், கையில் ஒன்றுமில்லாமல் வெறும் மிரட்டலாக ஒரு பெரிய தொகையைக் கட்டினார். புத்தியுள்ள எவரும் ஒதுங்கியிருப்பார்கள். டயர் கடைக்காரர் ஏழாம் எண் சீட்டு ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு கூடவே வந்து ஜெயித்துவிட்டார். பிழைதிருத்துநரிடம் இப்போது அவரைவிடச் சற்றே குறைவான வில்லைகள்.

டீ மேஜையருகே பிழைதிருத்துநருக்கு வாய் அடங்கவில்லை.

"எதை நம்பிங்க அதுக்குக் கட்டினீங்க?"

"தோணிச்சு சார்."

"தோணிச்சா! மூணு பேர்ல ரெண்டு பேருக்கு இடம். ஒருத்தர் வெளிய போனா மத்தவங்களுக்குச் சும்மாவே கிடைக்குது. ஏன் ஒவ்வொரு தடவையும் தலையைக் கொடுக்குறீங்க? நல்ல சீட்டா இருந்தாலும் கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க."

"அப்ப யார் சார் முதல்ல வெளிய போவாங்க?"

"யார்கிட்ட கம்மியா இருக்கோ அவங்க!"

டயர் கடைக்காரர் தலையாட்டினார். அதோடு விட்டாரா? டீ கப்பின் அடியில் கணக்குப் போட்டே காட்டினார் இவர். தன்னிடம்தான் கம்மி என்பது அந்த நேரத்தில் மூளையில் ஏறவே இல்லை.

இடைவேளை முடிந்ததும் டயர் கடைக்காரர் வேறு ஆளாக வந்து உட்கார்ந்தார். சீட்டைப் பார்ப்பார், கீழே வைப்பார், கையைக் கட்டிக்கொள்வார். இருவரும் ஒதுங்குவதைப் பார்த்த டாக்டரம்மா ஒவ்வோர் ஆட்டத்திலும் கட்ட ஆரம்பித்தார். ஆடாவிட்டாலும் போட்டாக வேண்டிய கட்டாயத் தொகையும் சுற்றுக்குச் சுற்று ஏறியது. பிழைதிருத்துநரின் அடுக்கு கரைந்துகொண்டே வந்தது.

அப்போது அவருக்கு இரண்டு ஏஸ் வந்தது. அதற்கு மேல் சீட்டே கிடையாது. இருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினார். வாங்கய்யா, ஒரே ஒரு தடவை உங்க புத்தியைக் காட்டுங்க என்று மனசுக்குள் கெஞ்சினார்.

டாக்டரம்மா ஒதுங்கிவிட்டார். டயர் கடைக்காரர் நெடுநேரம் யோசித்து, ஒரு ஜோடி பத்தைத் திருப்பிக் காட்டிக் கீழே வைத்தார்.

"காலைல இருந்த ஆளா இருந்தா கட்டியிருப்பேன் சார். நல்லவேளை சொன்னீங்க."

கட்டாயத் தொகையாக நடுவில் கிடந்த நாலு வில்லை மட்டும் கிடைத்தது. எரிச்சலில் பிழைதிருத்துநருக்குக் காது சூடேறியது. இந்த ஆளைத் திருத்தியது யார் என்று யாரிடமும் சண்டைக்குப் போகவும் முடியாது, திருத்தியவர் அவரேதான். ஏழெட்டு ஆட்டம் கழித்து, வேறு வழியில்லாமல் ராஜாவையும் பத்தையும் நம்பி அவர் தள்ளிய மிச்சத்தையும் டாக்டரம்மா ஒரு ஜோடி நாலை வைத்து வாரிக்கொண்டு போனார்.

மூன்றாவது இடம். மூன்றாவது இடத்துக்குக் கைத்தட்டல் மட்டும்.

வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"போச்சு."

"யாரைத் திருத்தினீங்க?" என்றாள் அவள், எடுத்த எடுப்பில்.

பதில் சொல்வதற்குள் டயர் கடைக்காரர் ஓடிவந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் உங்களாலதான் சார்! பெரிய போட்டிக்கு முன்னாடி இன்னும் ரெண்டு விஷயம் சொல்லிக் குடுங்க."

பிழைதிருத்துநர் பல்லைக் கடித்தார். கண்களை மூடிக்கொண்டார். பத்து வரை எண்ணப் பார்த்தார், நாலோடு நின்றது.

"முதல்ல, அந்தப் பத்து ஜோடியை எதுக்குங்க திருப்பிக் காட்டினீங்க?" என்றார். "எதிராளிக்குச் சீட்டைக் காட்டவே கூடாது!"

போனில் மனைவி, பரணைத் துடைக்க ஏணி எடுத்துவரச் சொல்லி மகனைக் கூப்பிடுவது கேட்டது.