ஒரு கண்ண மூடும்மா

“ஒரு கண்ண மூடும்மா.”

மேகலா மூடவில்லை. மயக்க ஊசித் துப்பாக்கியை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைத்துத் தோளில் அழுத்திக்கொண்டாள். உள்ளே ஆம்பூர் தோல் கம்பெனியின் குடோன். அடுக்கி வைத்த தோல் கட்டுகளின் உச்சியில் லோடுமேன் தனகோடி குந்தியிருந்தார். கீழே சிறுத்தை, அவரையே பார்த்து வாலைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஒரே பாய்ச்சல் போதும்.

“டாக்டரம்மா, காலு மரத்துப் போச்சு. ரொம்ப நேரம் தாங்காது.”

“அசையாதீங்கண்ணே.”

பின்னால் நின்ற ரேஞ்சர் அருணகிரி விடவில்லை. “ரெண்டு கண்ணையும் முழிச்சிக்கினு சுடறது எந்த ஊர் பழக்கம்? மாட்டாஸ்பத்திரி ஊசின்னு நெனைச்சியா? போன வாரம் வந்த சாமான். ஒரு தூசி படாம வெச்சிருக்கேன்.”

மேகலாவுக்குக் காதுமடல் கொதித்தது. துப்பாக்கி மேலிருந்த குறிபார்க்கும் குழலுக்குள் சிவப்புப் புள்ளி மிதந்தது. அதை வலக்கண் பார்த்துக்கொள்ளும். சிறுத்தை எந்தப் பக்கம் நகர்கிறது, தனகோடியின் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க இடக்கண் வேண்டும். பயிற்சியில் பத்து நாள் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பயிற்சிக்குப் போக ஜீப் தரமாட்டேன் என்றவர் இந்த மனுஷன்.

“மூடுன்னா மூடு. குறி தப்புச்சுன்னா ரிப்போர்ட்ல உன் பேரைத்தான் எழுதுவேன்.”

ஒரே ஒரு நொடி இடக்கண்ணை மூடினாள். பல்லைக் கடித்தாள். உடனே திறந்தாள். துப்பாக்கியை வெளியே இழுக்க இனி நேரமில்லை. சிறுத்தை பின்னங்காலை மடக்கிப் பதுங்கிவிட்டது.

புள்ளியை அதன் தொடையில் நிறுத்தி விசையை அழுத்தினாள்.

ஊசி பாய்ந்தது. சிறுத்தை உறுமிச் சுழன்று எதிர் மூலைக்கு ஓடியது. பத்து நிமிஷத்தில் தலை தொங்கிச் சாய்ந்தது. வலை போட்ட பிறகு தனகோடியை ஏணி வைத்து இறக்கினார்கள்.

“பாத்தியா?” என்றார் அருணகிரி. “நான் சொல்லி ஒரு தடவ மூடினியே, அதான் பட்டுச்சு.”

மேகலா காலித் துப்பாக்கியை அவர் கையில் திணித்தாள். “இப்ப நீங்க ஒரு கண்ண மூடிக் குழல் வழியாப் பாருங்க சார்.”

பார்த்தார். ஒரே இருட்டு. நடுவில் சிவப்புப் புள்ளி மட்டும்.

“நீங்க சொல்லி மூடினப்ப எனக்கும் அதான் தெரிஞ்சுது. வலக்கண்ணு புள்ளியப் பாத்துச்சு, சிறுத்தையப் பாத்தது இடக்கண்ணு மட்டும்தான். அதையும் மூடச் சொன்னீங்க.”

அருணகிரி குழலைத் திருப்பினார். முன்பக்கக் கண்ணாடியில், தூசி படக் கூடாதென்று அவரே பஜாரில் தைத்து வாங்கி மாட்டிய கருந்தோல் மூடி இறுக்கமாக உட்கார்ந்திருந்தது.