தாம்பரத்தில் இரண்டு நிமிடம்

அது பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமையா, அதற்கும் அடுத்த ஞாயிறா என்பதில் இப்போது சந்தேகம் வருகிறது. எட்டாவது நடைமேடை என்று சிலர் சொல்கிறார்கள், ஐந்தாவது என்று சாவித்ரி சொல்கிறாள். அங்கே நின்றிருந்தவள் அவள்தான் என்பதால் அவள் சொல்வதையே வைத்துக்கொள்ளலாம். பனி பெய்ததாக ஒரு ஞாபகம், அதுவும் வேறு ஏதோ ஒரு காலையின் பனியாக இருக்கலாம். நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். அன்று காலை ஆறு இருபத்தேழுக்கு மதுரை செல்லும் அதிவேக ரயில் புறப்பட்டபோது, அவளுடைய கணவர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் லக்ஷ்மிநாராயணன் வலது கால் செருப்போடு ரயிலுக்குள் இருந்தார். இடது கால் செருப்போடு நடைமேடையில் நின்றிருந்தார்.

அந்த ரயில் தாம்பரத்தில் இரண்டே நிமிடம் நிற்கும். கதவுகள் தாமாகத் திறந்து தாமாகவே மூடிக்கொள்ளும். மூடினால் அடுத்து விழுப்புரத்தில்தான் திறக்கும். பயணம் செய்யாதவர்கள் ஏற வேண்டாம் என்று மூன்று மொழிகளில் அறிவிப்பார்கள். ஆனால் தாம்பரத்துக்காரர்களுக்கு ஒருவரை வழியனுப்புவது என்றால் கூடவே பெட்டிக்குள் ஏறி, பையை மேலே தள்ளி, இருக்கை எண்ணை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்து, பக்கத்து இருக்கைக்காரரிடம் "கொஞ்சம் பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்குவதுதான். பழைய வண்டிகளில் நகர ஆரம்பித்த பிறகும் நாலடி ஓடி இறங்கிவிடலாம். இதில் அது நடக்காது என்று ஊருக்குப் புரிய ஆறு மாதம் ஆயிற்று. மாமனாரை ஏற்றிவிடப் போன ஒரு மருமகன் லுங்கியோடு விழுப்புரத்தில் இறங்கினார். சேலையூரில் ஒரு நிச்சயதார்த்தம், தட்டு வாங்க வேண்டிய பெரியப்பா திண்டிவனத்தைத் தாண்டிக்கொண்டிருந்ததால், மதியத்துக்குத் தள்ளிப்போனது. டிக்கெட் பரிசோதகர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு திட்டுவதை விட்டுவிட்டு அபராதச் சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். இவ்வளவு நடந்தும், லக்ஷ்மிநாராயணனுக்கு நடந்ததுபோல வேறு யாருக்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

மகள் ஸ்ம்ருதிக்கு மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. வீட்டை விட்டு அவள் தனியாக இருக்கப் போவது அதுவே முதல் முறை. மூன்று நாட்களாக லக்ஷ்மிநாராயணன் யாருடனும் அதிகம் பேசவில்லை. ரயிலடிக்குக் கிளம்பும்போது மட்டும், வழக்கம்போல, சமையலறைக்குப் போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு ஜெயவேலு தன் காரில் அவர்களை அழைத்துப் போனான். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் அவர்கள் வீடு கட்டியிருக்கும் மனையில் ஒரு காலத்தில் நெல் போட்டது அவன் அப்பாதான். இப்போது அவனுக்கு மெயின் ரோட்டில் நான்கு கடைகள். ரயில் வந்தது. ஸ்ம்ருதி ஏறினாள், அவள் பையைத் தூக்கிக்கொண்டு லக்ஷ்மிநாராயணன் ஏறினார். கறுத்த கண்ணாடி வழியே அவர் பையைத் தள்ளுவதும், எண்ணைத் தொட்டுப் பார்ப்பதும், பிறகு ஒன்றும் செய்யாமல் மகளைப் பார்த்துக்கொண்டே நிற்பதும் சாவித்ரிக்கு நிழலாகத் தெரிந்தன. கதவு கூவத் தொடங்கியது. அவர் ஓடிவந்து ஒரு காலை வெளியே வைத்தார், மகளைத் திரும்பிப் பார்த்தார். கதவு மூடியது. ரயில் போன பிறகு அவர் தன் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துச் சாவித்ரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்லவேளை இறங்கினீங்க," என்றாள். அப்போது கைபேசி அடித்தது.

"அம்மா, அப்பா இறங்கலம்மா," என்றாள் ஸ்ம்ருதி. "இங்கதான் நிக்கறார். ஒரு செருப்பு வேற காணும்."

சாவித்ரி ஒலிபெருக்கியை அழுத்தி, அவரிடம் கொடு என்றாள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் என்பதால் எதையும் சரிபார்க்காமல் நம்ப மாட்டாள். "கேஸ் மூடினீங்களா?" என்று கேட்டாள். "மூடிட்டேன், ரெண்டு தடவை பாத்தேன்," என்று கைபேசியும் பக்கத்தில் நின்றவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஜெயவேலு கைபேசியையும் மனிதரையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னா மேடம் இது, சார் இங்கதான கீறாரு. அப்ப போன்ல பேசறது யாரு? காலங்காத்தால ஒரே பேஜாரா கீதே."

ரயிலில் இருந்தவர் விழுப்புரத்தில் இறங்கித் திரும்புவார் என்று சாவித்ரி எதிர்பார்த்தாள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பயந்தாள். அவர் இறங்கவில்லை. "இறங்குங்கன்னு சொன்னா, திருச்சி எத்தனை மணிக்கு வரும்னு கேக்கறாரும்மா," என்றாள் மகள். அபராதம் கட்டிவிட்டு மதுரை வரை போனார். மகள் தங்கப்போகும் அறையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார், பிறகு அங்கே தண்ணீர் வசதி சரியில்லை, இருந்து கவனித்துவிட்டு வருகிறேன் என்றார். ஒரு மாதம் கழித்து இருவருமாக ஒரு சிறிய வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். பீர்க்கன்கரணையில் இருந்தவர் மறுநாளிலிருந்து வழக்கம்போல ஏரியைச் சுற்றி நடந்தார், பேப்பர் படித்தார், வேறு செருப்பு வாங்கிக்கொண்டார். அக்கம்பக்கத்தில் முதல் வாரம் விசாரித்தார்கள். இரண்டாவது வாரம் மாநகராட்சி சாலையைத் தோண்டியதால் பேச்சு அதற்குப் போய்விட்டது.

மதுரையில் இருந்தவர் தினமும் மாலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார். முப்பத்திரண்டு வருடம் வைகையைச் சுவர் வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டியவர், இப்போதுதான் அதை நேரில் பார்க்கிறார். "வைகையில தண்ணியே இல்ல சாவித்ரி, மாடு மேயுது! நான் எத்தனை பசங்களுக்கு இதுக்கு நீலக் கலர் அடிக்கச் சொல்லிருக்கேன்!" என்று சிரித்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. அதே நேரம் கூடத்தில் இன்னொருவர் ஒன்றும் பேசாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்பும் அவர் பேச்சு குறைவுதான். ஆனால் அந்த மௌனம் அவளுக்குப் பழகிய மௌனம், அதற்குள் அவர் இருந்தார். இப்போதைய மௌனம் ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது.

ஒன்று இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் பாதியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுடைய கணக்கு சொன்னது. எது பாதியாயிற்று என்பதுதான் தெரியவில்லை. மருந்துக்கடை எடைமெஷினில் அவரை நிறுத்திப் பார்த்தாள்: அறுபத்தெட்டு கிலோ. மதுரையிலும் நிறுத்திப் பார்க்கச் சொன்னாள்: அறுபத்தெட்டு. உயரம் குறையவில்லை, சர்க்கரை இரண்டு ஊரிலும் ஒரே அளவு. ஒரு மாலை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தவளுக்கு, சட்டென்று சிவப்புப் பேனா நின்றது. பாதியானது ஆயுளாக இருந்தால்? அவருக்கு இன்னும் இருபது வருடம் எழுதியிருந்தால் இங்கே இருப்பவருக்குப் பத்து, மதுரையில் இருப்பவருக்குப் பத்து. இருவரும் ஒன்று சேர்ந்தால் இருபது திரும்பக் கிடைக்குமா, அல்லது ஒன்றிலிருந்து ஒன்று கழிந்து மிச்சமே இல்லாமல் போய்விடுமா? அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பாள். இவருக்கு வருகிறது என்றதும், அங்கே அவருக்கு வருகிறதோ இல்லையோ என்று தோன்றும்.

அதனால் இருவரையும் சந்திக்கவே விடவில்லை. தீபாவளிக்கு ஸ்ம்ருதி தனியாக வந்து தனியாகப் போனாள். வீடியோவில் பேசும்போது வீட்டில் இருப்பவர் குறுக்கே நடந்தால் கைபேசியைக் கவிழ்த்துவிடுவாள். மதுரைக்குப் போய்ப் பார்க்க மூன்று முறை டிக்கெட் எடுத்து மூன்று முறையும் ரத்து செய்தாள். போனால் இங்கே இருப்பவருக்குத் துரோகம் செய்வதுபோல் இருந்தது. ஜெயவேலுதான் ஒருநாள் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆறுதல் சொன்னான்: "வுடுங்க மேடம். எங்க வூட்டுல எம் பொண்டாட்டி ஒரே ஒரு ஆள வச்சிகினே தாங்க முடியாம கீறா. உங்களுக்கு ரெண்டு. கொறஞ்சி பூட்ச்சினா அழலாம், கூட கீதுன்னு யாராவது அழுவாங்களா?"

இப்படி இரண்டரை வருடம் போனது. ஸ்ம்ருதிக்கு டெல்லியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. "அங்க விடுதிதாம்மா, அப்பாவை வச்சுக்க முடியாது. வீட்டுக்கே வந்துடறேன்னு சொல்றார். வெள்ளிக்கிழமை காலைல நான் ஏத்திவிட்டுடறேன்," என்றாள்.

"நீ உள்ள ஏறாதே," என்றாள் சாவித்ரி உடனே. "வெளியில நின்னே கையாட்டு. கேட்டியா?"

வீட்டில் இருந்தவரிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள், ரயிலடிக்கு வர வேண்டாம் என்றும் சொன்னாள். வெள்ளிக்கிழமை அவள் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் பீரோ முன்னால் கையை நீட்டியபடி நின்றார். அந்த இடது கால் செருப்பை அவள் அன்று முதல் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எடுத்துக் கொடுத்தாள். கேஸை இரண்டு முறை பார்த்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு வந்து ஜெயவேலுவின் காரில் ஏறினார்.

பகல் பதினொன்று நாற்பதுக்கு ரயில் வந்தது. கதவு திறந்ததும் வலது கால் செருப்போடு மற்றவர் நின்றுகொண்டிருந்தார். "சாவித்ரி! பை மேல மாட்டிக்கிச்சு, என்னால இழுக்க முடியல!" என்று அங்கிருந்தே கத்தினார். ஒருவரை அழைத்துவரப் போனாலும் உள்ளே ஏறிச் சாமானை இறக்குவதுதான் தாம்பரத்து வழக்கம். சாவித்ரி கையைப் பிடிப்பதற்குள் இவர் ஏறிவிட்டார், அவர் இறங்கினார். நியாயவிலைக் கடை வாசலில் இருவர் ஒதுங்குவதுபோல, முகத்தைப் பார்க்காமல், தோளோடு தோள் உரசி அவர்கள் கடந்தார்கள். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கதவு கூவியது. கண்ணைத் திறந்தபோது ஒருவர் பக்கத்தில் நின்றார், ஒருவரும் பையும் எழும்பூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் நின்றவர் பெஞ்சில் உட்கார்ந்தார். தினமும் ஏழு மணிக்கு ஓயாமல் பேசியவர் இப்போது வாயைத் திறக்கவில்லை. வைகையைப் பற்றிக் கேட்டாள், தலையை மட்டும் அசைத்தார். அந்த உரசலிலேயே கழித்தல் நடந்துவிட்டது, மற்றவர் இனி இல்லை, இவரும் காலியாகிவிட்டார் என்று நினைத்தாள். எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம். ஒவ்வொரு வண்டி வரும்போதும் எழுந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், வண்டி காலியானதும் உட்கார்ந்தாள். ஒன்பது வண்டிகள் வந்தன. ஜெயவேலு வாங்கிவந்த டீ அவள் கையிலேயே ஆறியது. அவனும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பத்தாவது வண்டியிலிருந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடது காலில் மட்டும் செருப்போடு அவர் இறங்கினார். இறங்கும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"சாவித்ரி, எழும்பூர்ல என்னைப் பிடிச்ச பரிசோதகர் யாருன்னு நினைக்கிறே? என்கிட்ட பத்தாவது படிச்ச தினகரன்! சார், உங்களுக்கு அபராதம் போடற நாள் வரும்னு கனவுல கூட நினைக்கலன்னு சொல்லிண்டே சீட்டு எழுதறான். அப்புறம் காபி வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் விடவே இல்ல. அந்த ரயில் போற போக்குல மீனம்பாக்கம் போர்டைக்கூட படிக்க முடியல, தெரியுமா?"

இரண்டரை வருடம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். சாவித்ரி அவரையும் பெஞ்சில் இருந்தவரையும் பார்த்தாள். ரயிலில் போனவர் பேசுகிறார், நடைமேடையில் நின்றவர் பேசுவதில்லை. யார் போனாலும் அப்படித்தான், யார் நின்றாலும் அப்படித்தான். இதில் பாதி என்று ஒன்றுமே இல்லை. அவள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கணக்கைப் போடாமல் அப்படியே விட்டாள்.

லக்ஷ்மிநாராயணனும் லக்ஷ்மிநாராயணனும் ஒருவரையொருவர் அப்போதுதான் பார்த்தார்கள். கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் வலம் இடமாக மாறியிருந்ததால் அடையாளம் பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு பெஞ்சில் இருந்தவர் தன் வலது கால் செருப்பைக் கழற்றி மற்றவர் பக்கம் தள்ளினார். பையைத் தூக்கி வந்தவர் அவர்தானே. "முன்னாடி ஒரு சார், பின்னாடி ஒரு சார் குந்திக்கங்க," என்றான் ஜெயவேலு, கார் கதவைத் திறந்தபடி.

ஸ்ம்ருதி டெல்லியில் படிப்பை முடித்து அங்கேயே ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள், வருடத்துக்கு இரண்டு முறை வருகிறாள். ஜெயவேலு ஏழு பேர் உட்காரும் கார் வாங்கிவிட்டான். சாவித்ரி போன மே மாதம் ஓய்வுபெற்றாள், நன்றாகத் தூங்குகிறாள். லக்ஷ்மிநாராயணன்கள் இருவரும் பீர்க்கன்கரணை வீட்டில்தான் இருக்கிறார்கள். பென்ஷனுக்கு உயிரோடிருப்பதைக் காட்ட வேண்டிய மாதத்தில் யாராவது ஒருவர் போய் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். எல்லோருமாக வெளியே கிளம்பும் நாட்களில், கேஸ் மூடியிருக்கிறதா என்று அந்த வீட்டில் நான்கு முறை பார்க்கப்படுகிறது.